‘இட்’ எங்கே உட்காரும்?

 

இந்த வாரம் வந்த கடிதங்களில் ஒன்று மனசை என்னவோ செய்துவிட்டது. எழுதியவர் பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவி. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். இங்கிலீஷ் வகுப்பில், ‘சாயங்காலம் வீட்டுக்கு எப்படிப் போவாய்?’ என்று கேட்டிருக்கிறார்கள். இவரும் தைரியமாக எழுந்து, ‘மை ஃபாதர் வில் பிக் அப் மீ’ என்றிருக்கிறார். பின் பெஞ்சில் ஒரே சிரிப்பு. ‘‘அன்னிக்கு மூடின வாயை இன்னும் திறக்கலை சார். ‘பிக் அப் தி பார்சல்’ சரின்னா ‘பிக் அப் மீ’ மட்டும் எப்படி சார் தப்பாகும்?’’ என்று கேட்டிருக்கிறார்.

சூப்பர் கேள்வி தங்கச்சி! முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். சிரித்தவர்களில் எத்தனை பேரால் ‘ஏன் தப்பு’ என்று விளக்க முடியும்? உங்கள் லாஜிக் சரிதான். பார்சலுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயம் என்று வைத்திருப்பது இங்கிலீஷ்தான். அது என்ன நியாயம் என்று இந்த வாரம் பார்த்துவிடுவோம்.

அதற்கு முன்னால், இதே சின்ன வார்த்தைகளால் நான் வாங்கிய அடியைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு போன், ஒரு வேலை

வருஷம் 2004. டிகிரி முடித்து எட்டு மாசமாகச் சென்னையில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு ரூம், இரண்டு பேர். ரூம் மேட் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனிஸ்ட். ஊரில் அப்பா வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு கம்பெனியிலிருந்து போனிலேயே இன்டர்வியூ. என்னிடம் போன் கிடையாது. ரூம் மேட்டின் நோக்கியா 1100-ஐக் கையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்றேன். பெயர், ஊர், படிப்பு எல்லாம் நன்றாகத்தான் போனது. நடுவில் அந்தப் பக்கம் யாரோ அவரைக் கூப்பிட, ‘குட் யூ ஹேங் ஆன் எ மினிட்?’ என்றார்.

எனக்குத் தெரிந்த ‘ஹேங்’ ஒன்றே ஒன்றுதான். இங்கிலீஷ் படங்களில் கோபமாகப் போனை வைப்பார்களே, அந்த ‘ஹேங் அப்’. ஆகவே, ‘போனை வைங்க, நான் கூப்பிடறேன்’ என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ‘தேங்க்யூ சார்’ என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு கட் பண்ணிவிட்டேன். சாயங்காலம் வரைக்கும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி ரூம் மேட்டிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டான். ‘‘டேய், லைன்லயே இருன்னு சொல்லியிருக்காருடா! நீ பேசிட்டிருக்கும்போதே கட் பண்ணியிருக்கே!’’ மறுநாள் காலையில் நானே போன் பண்ணினேன். அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாகிவிட்டது.

‘ஆன்’, ‘அப்’. இரண்டும் குட்டி வார்த்தைகள். ஆனால் ஒன்றை இன்னொன்றாக நினைத்ததில் எனக்கு ஒரு வேலை போச்சு!

பழைய காலச் சுவர் டெலிபோனில் பேசி முடித்ததும் ரிசீவரை ஒரு கொக்கியில் மாட்டுவார்கள். அதனால்தான் போனை வைப்பதற்கு ‘ஹேங் அப்’ என்று பெயர். கொக்கி போயே போச்சு, வார்த்தை மட்டும் செல்போன் வரைக்கும் வந்துவிட்டது.

தட்டிக் கொடுப்பதும் தட்டிக் கழிப்பதும்

‘ஹேங்’ மாதிரி ஒரு சாதாரண வெர்ப். பக்கத்தில் ‘அப்’, ‘ஆன்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ மாதிரி ஒரு குட்டி வார்த்தை. இரண்டும் சேர்ந்தால் புதுசாக ஒரு அர்த்தம். இதைத்தான் ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்கிறார்கள்.

இங்கிலீஷ்காரர்களுக்கே இது வெளியாட்களைப் படுத்தும் என்று தெரியும். சாமுவேல் ஜான்சன் 1755-ல் தன் புகழ்பெற்ற அகராதியை வெளியிட்டபோது, அந்நியர்களுக்கு மிகப் பெரிய கஷ்டம் இந்தச் சேர்க்கையில்தான் என்று முன்னுரையிலேயே எழுதிவிட்டார். ஆக, கஷ்டப்படுவது நீங்கள் மட்டும் இல்லை. 250 வருஷத்துக்கும் மேலாக உலகமே கஷ்டப்படுகிறது!

ஆனால் தமிழருக்கு இது ரொம்பப் புதுசும் இல்லை. ‘தட்டு’ என்கிற வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் படித்தால் வாத்தியார் தட்டிக் கொடுப்பார். அநியாயம் நடந்தால் தட்டிக் கேட்போம். வேலை சொன்னால் தட்டிக் கழிப்போம். மூன்றிலும் இருப்பது அதே ‘தட்டு’தான். பக்கத்தில் வந்த வார்த்தை மாறியதும் பாராட்டு, தைரியம், சோம்பேறித்தனம் என்று மூன்று திசையில் போய்விட்டது. தமிழ் கற்க வரும் வெள்ளைக்காரர் நம் ‘தட்டு’களைப் பார்த்து முழிப்பது போலத்தான் நாம் அவர்களின் ‘புட் ஆஃப்’, ‘புட் அவுட்’, ‘புட் அப்’களைப் பார்த்து முழிக்கிறோம்.

அப்படியானால் நமக்குச் சிக்கல் எங்கே வருகிறது? ‘இட்’, ‘மீ’, ‘ஹிம்’, ‘ஹெர்’, ‘தெம்’ மாதிரி ப்ரொனவுன்கள் உள்ளே நுழையும்போதுதான்.

குட்டி வார்த்தை யாருக்குச் சொந்தம்?

தமிழில் இந்த மாதிரி குட்டி வார்த்தைகள் பெயர்ச்சொல்லோடுதான் ஒட்டும். ‘என்னோடு’, ‘அவனுக்காக’, ‘அதைப் பற்றி’. வினைச்சொல் பக்கம் போய் ஒட்டாது. அதனால் இங்கிலீஷில் ‘ஆஃப்’, ‘அப்’ எதைப் பார்த்தாலும் பெயர்ச்சொல்லோடு சேர்த்து ஒட்டிவிடவே நம் மனசு துடிக்கிறது. ஆனால் இங்கிலீஷில் குட்டி வார்த்தைக்கு இரண்டு வீடு உண்டு. சில நேரம் அது வெர்ப்புக்குச் சொந்தம். சில நேரம் பின்னால் வரும் பெயருக்குச் சொந்தம்.

முதல் வகை, வெர்ப்புக்குச் சொந்தம். ‘ஸ்விட்ச் ஆஃப் தி ஃபேன்’ சரி. ‘ஸ்விட்ச் தி ஃபேன் ஆஃப்’ என்றாலும் சரி. ஆனால் ஃபேனுக்குப் பதில் ‘இட்’ வந்தால் ஒரே ஒரு வழிதான். ‘ஸ்விட்ச் இட் ஆஃப்’. ‘இட்’ நடு சீட்டில்தான் உட்காரும். ‘ஸ்விட்ச் ஆஃப் இட்’ கிடையவே கிடையாது. ‘பிக் மீ அப்’, ‘த்ரோ தெம் அவே’, ‘கால் ஹிம் பேக்’ எல்லாம் இந்தக் கட்சி.

இரண்டாம் வகை, பெயருக்குச் சொந்தம். இதுதான் அசல் ப்ரெபொசிஷன். ‘லுக் ஆஃப்டர் தி பேபி’. ‘லுக் தி பேபி ஆஃப்டர்’ என்று யாராவது சொல்வார்களா? மாட்டார்கள். நடுவில் பேபியையே விடவில்லை என்றால் ‘ஹிம்’மையும் விடாது. ஆகவே, ‘லுக் ஆஃப்டர் ஹிம்’. ‘வெயிட் ஃபார் மீ’, ‘லாஃப் அட் தெம்’, ‘லிசன் டு ஹெர்’ எல்லாம் இந்தக் கட்சி.

முதல் வகையில் பார்சலுக்கு இரண்டு சீட், ப்ரொனவுனுக்கு மட்டும் ஏன் ஒரே சீட்? வாய் விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘ஸ்விட்ச் இட் ஆஃப்’ என்கிறபோது அழுத்தம் ‘ஆஃப்’ மேல் விழுகிறது. இங்கிலீஷில் புது விஷயம், முக்கியமான விஷயம், நீளமான விஷயம் வாக்கியத்தின் கடைசிக்குப் போக ஆசைப்படும். ‘இட்’ என்பதோ ஏற்கெனவே பேசின சமாசாரம். பழசு, சின்னது, அழுத்தமே இல்லாதது. அதற்குக் கடைசி சீட் கொடுக்க மனசு வராமல் நடுவில் தள்ளிவிடுகிறார்கள். நீளமான பெயர் வந்தால் இது அப்படியே தலைகீழ். ‘த்ரோ அவே தி ஓல்டு நியூஸ்பேப்பர்ஸ் அண்டர் தி காட்’ என்று கடைசியில் வைப்பதுதான் வசதி.

தங்கச்சி, உங்கள் ‘பிக் அப் மீ’ விஷயம் இவ்வளவுதான். பார்சல் என்பது பெயர், இரண்டு பக்கமும் உட்காரலாம். ‘மீ’ ப்ரொனவுன், நடுவில்தான் உட்காரணும். ‘மை ஃபாதர் வில் பிக் மீ அப்’. மூன்று வார்த்தையில் இரண்டு இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. இதற்குப் போய் வாயை மூடிக்கொள்வதா?

எது எந்தக் கட்சி? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். மூன்று வழி சொல்கிறேன்.

ஒன்று, ‘அட்’, ‘ஃபார்’, ‘ஃப்ரம்’, ‘வித்’, ‘இன்டு’, ‘ஆஃப்டர்’. இவை வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ப்ரொனவுனைப் பின்னால் வைக்கலாம்.

இரண்டு, ‘அவே’, ‘பேக்’. இவை பெயரோடு நேரடியாக ஒட்டாது. ஆகவே ப்ரொனவுன் நடுவில். ‘டேக் இட் அவே’, ‘கிவ் இட் பேக்’. ‘அவுட்’டும் பெரும்பாலும் இப்படித்தான். ‘ஃபைண்ட் இட் அவுட்’.

மூன்று, ‘அப்’, ‘டவுன்’, ‘ஆன்’, ‘ஆஃப்’, ‘ஓவர்’, ‘த்ரூ’. இவைதான் கட்சி மாறிகள்! இரண்டு பக்கமும் போகும். அர்த்தத்தைப் பார்க்கணும். ‘ஹி ரான் அப் எ ஹில்’ என்றால் மலை மேல் ஓடினான். ‘அப்’ மலையோடு ஒட்டுகிறது. எங்கே ஓடினான்? ‘அப் தி ஹில்’. ஆகவே, ‘ஹி ரான் அப் இட்’. ‘ஹி ரான் அப் எ பில்’ என்றால்? பில் மேலே ஏறி ஓட முடியுமா? கேன்டீனில் பாக்கியை ஏற்றிக்கொண்டே போனான் என்று அர்த்தம். ‘ரன் அப்’ சேர்ந்து ஒரே வெர்ப். ஆகவே, ‘ஹி ரான் இட் அப்’. பார்க்க ஒரே மாதிரி இரண்டு வாக்கியம். ‘இட்’டை உட்கார வைத்ததும் குட்டு உடைந்துவிட்டது, பார்த்தீங்களா?

இன்னும் சந்தேகமா? நல்ல லேர்னர்ஸ் டிக்ஷனரியைத் திறங்கள். ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மேன் இரண்டிலும் பிரிக்கக்கூடிய ஃப்ரேசல் வெர்ப்களில் இரண்டு பக்கமும் முனை உள்ள ஒரு அம்புக்குறி போட்டிருப்பார்கள். அம்பு இருந்தால் பெயர் இரண்டு பக்கமும் போகும், ப்ரொனவுன் நடுவில் மட்டும். இந்த ஒரு அம்புக்காகவே அந்த டிக்ஷனரியைக் காலேஜ் லைப்ரரியில் ஒரு தடவை புரட்டலாம்.

மூன்று வார்த்தைச் சங்கிலியும் உண்டு. ‘புட் அப் வித் இட்’ (பொறுத்துக்கொள்), ‘ரன் அவுட் ஆஃப் இட்’ (தீர்ந்துபோ), ‘லுக் ஃபார்வர்டு டு இட்’ (ஆவலோடு எதிர்பார்). கடைசி வார்த்தை அசல் ப்ரெபொசிஷன் என்பதால் ப்ரொனவுன் கடைசிக்கே போய்விடும். வேலைக்கு மெயில் எழுதும்போது ‘லுக் ஃபார்வர்டு டு மீட்டிங் யூ’ என்றே எழுதுங்கள். ‘டு மீட் யூ’ வேண்டாம்.

என்னைக் கவிழ்த்த ‘ஹேங்’கையே இப்போது பாருங்கள். ‘ஹேங் ஆன்’ என்றால் கொஞ்சம் இரு. ‘ஹேங் ஆன் டு இட்’ என்றால் அதை விடாமல் வைத்துக்கொள். ‘ஹேங் இட் அப்’ என்றால் சட்டையை மாட்டு. ‘ஹேங் அப்’ என்றால் போனை வை. ‘ஹி ஹங் அப் ஆன் மீ’ என்றால் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டான். நான் அந்த இன்டர்வியூக்காரருக்குச் செய்தேனே, அதேதான்!

தமிழில் யோசித்தால் வரும் தப்பு

ஒட்டக் கூடாத இடத்தில் ப்ரெபொசிஷனை ஒட்டுவதும், ஒட்ட வேண்டிய இடத்தில் விடுவதும் நம் வழக்கம். ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்று மனசில் ஓடுவதால் ‘டிஸ்கஸ்டு அபௌட் இட்’ என்கிறோம். ‘டிஸ்கஸ்டு இட்’ போதும். ‘அவனிடம் கேட்டேன்’ என்பது ‘ஆஸ்க்டு டு ஹிம்’ ஆகிவிடுகிறது. ‘ஆஸ்க்டு ஹிம்’ போதும். ‘என்னிடம் சொல்’ என்பது ‘டெல் டு மீ’ இல்லை, ‘டெல் மீ’. ஆனால் ‘ஸே’ வந்தால் ‘ஸே இட் டு மீ’. ‘எக்ஸ்பிளெய்ன் மீ’ வேண்டாம், ‘எக்ஸ்பிளெய்ன் இட் டு மீ’. தமிழில் ‘பாட்டைக் கேள்’ என்று ‘ஐ’ உருபு வருவதால் ‘லிசன் தி சாங்’ என்று ‘டு’வை முழுங்கிவிடுகிறோம்.

பெரிய வார்த்தை தெரியும், சின்ன வார்த்தை?

இங்கே ஒரு வேடிக்கை. ‘போஸ்ட்போன்’ நமக்குத் தெரியும், ‘புட் ஆஃப்’ தடுமாறும். ‘டாலரேட்’ தெரியும், ‘புட் அப் வித்’ தெரியாது. ‘இன்வெஸ்டிகேட்’ தெரியும், ‘லுக் இன்டு’ புரியாது. இங்கிலாந்துக்காரக் குழந்தைக்கு இது அப்படியே உல்டா!

காரணம் சரித்திரம். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையிலும் கோர்ட்டிலும் பிரெஞ்சு, லத்தீன். வீட்டிலும் வயலிலும் பழைய இங்கிலீஷ். அதனால் பெரிய வார்த்தைகள் புத்தகத்துக்கும் ஆபீஸுக்கும் போயின. ‘புட்’, ‘கெட்’, ‘லுக்’, ‘டேக்’ எல்லாம் சமையல்கட்டிலும் தெருவிலும் தங்கின. நாம் இங்கிலீஷைப் பாடப் புத்தகம் வழியாகப் படித்தவர்கள். மேல்மாடி வழியாக உள்ளே வந்துவிட்டோம், சமையல்கட்டை இன்னும் பார்க்கவில்லை. போனில் யாராவது சாதாரணமாகப் பேசினால் தடுமாறுவது அதனால்தான். அறிவுக் குறைவினால் இல்லை.

இடம் மாறினால் அர்த்தமே மாறும்

கடைசியாக ஒரு ஜோடி. இது ரொம்ப முக்கியம்.

‘ஐ ஸா த்ரூ ஹிம்’ என்றால் அவன் போடும் வேஷத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். ‘ஐ ஸா ஹிம் த்ரூ’ என்றால் அவனுடைய கஷ்ட காலம் முடியும் வரைக்கும் கூடவே நின்றேன். நான்கே வார்த்தை, அதே நான்கு வார்த்தை. ‘ஹிம்’ ஒரு சீட் தள்ளி உட்கார்ந்ததும் சந்தேகம் நட்பாகிவிட்டது!

அந்த வேலை போன ராத்திரி என் ரூம் மேட் என்ன செய்தான் தெரியுமா? ரிசப்ஷனில் அன்றன்றைக்குக் காதில் விழுந்த ஃப்ரேசல் வெர்ப்களைப் பில் பேப்பரின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வருவான். ‘செக் இன்’, ‘ஃபில் இட் இன்’, ‘புட் மீ த்ரூ’. நைட் ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தோடு வந்தாலும் கெஸ்ட் மாதிரி எனக்குப் போன் பேசிக் காட்டுவான். நான் பதில் சொல்லணும். மூன்று மாசம் இப்படி. வாடகையில் என் பங்கையும் அவனே கொடுத்தான். நான்காவது மாசம் வேறொரு கம்பெனி இன்டர்வியூவில், ‘ஹேங் ஆன்’ என்றார்கள். நான் லைனிலேயே இருந்தேன். ரெண்டு நிமிஷம். வேலை கிடைத்தது.

அவன் இலக்கணம் படித்தவன் இல்லை. ‘ஹி ஸா மீ த்ரூ’ என்பதில் ‘மீ’ ஏன் நடுவில் வருகிறது என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அதன் அர்த்தத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான்.

அதனால்தான் சொல்கிறேன். உங்கள் வகுப்பில் நாளைக்கு யாராவது ‘பிக் அப் மீ’ என்றால் சிரிக்காதீங்க. மெதுவாகப் பக்கத்தில் போய், ‘‘‘மீ’யை நடுவுல போடுப்பா’’ என்று சொல்லுங்கள். தங்கச்சி, நீங்கள் திங்கட்கிழமை முதல் பீரியடிலேயே எழுந்து பேசுறீங்க. சரியா?

இந்த வார ஹோம்வொர்க்

எது சரி?

1. ஹியர் இஸ் தி ஃபார்ம். ப்ளீஸ்... ‘ஃபில் இன் இட்’டா, ‘ஃபில் இட் இன்’னா?

2. மை கிராண்ட்மதர் இஸ் இல். ஐ... ‘லுக் ஹெர் ஆஃப்டர்’ரா, ‘லுக் ஆஃப்டர் ஹெர்’ரா?

3. தி எக்ஸாம் வாஸ் ஆன் மண்டே, பட் தே... ‘புட் இட் ஆஃப்’பா, ‘புட் ஆஃப் இட்’டா?

4. வாட் எ நாய்ஸ்! ஐ கான்ட்... ‘புட் இட் அப் வித்’தா, ‘புட் அப் வித் இட்’டா?

5. ஐ டிடின்ட் நோ தி வேர்டு, ஸோ ஐ... ‘லுக்டு அப் இட்’டா, ‘லுக்டு இட் அப்’பா?

விடைகள்: 1. ஃபில் இட் இன். 2. லுக் ஆஃப்டர் ஹெர். 3. புட் இட் ஆஃப். 4. புட் அப் வித் இட். 5. லுக்டு இட் அப்.

ஐந்துக்கு ஐந்தா? கலக்கிட்டீங்க! மூன்றுக்குக் கீழேயா? பரவாயில்லை, இன்னொரு தடவை படியுங்கள். ‘டோன்ட் கிவ் அப்!’ கூட ஒரு ஃப்ரேசல் வெர்ப்தான். அடுத்த வாரம் சந்திப்போம். அதுவரைக்கும்... ஹேங் ஆன், ஃப்ரெண்ட்ஸ்!